கோர்ட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் எல்லா ஊருக்கும் பஸ் கிடைக்கும். ஒரு பக்கம் சிதம்பரம், எதிர்ப்பக்கம் விருத்தாசலம், இந்தப் பக்கம் வடலூர், அந்தப் பக்கம் கும்பகோணம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பஸ் போய்விடும். ஆனால் நியாயத்துக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது மட்டும் என் மாமாவுக்கு ஐந்து வருஷம் பிடிபடவில்லை.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவர். குடியிருப்பு இங்கே, பிழைப்பு விருத்தாசலத்தில். செராமிக் பொம்மைப் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், நாலு ஆட்கள், ஐந்தாவது ஆளாக மாமா.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்த நாளில் மாமாவின் கூரையும் கிளம்பிப் போய்விட்டது. உள்ளே அடுத்த கொலுவுக்காக அச்சில் வார்த்துக் காயவைத்திருந்த பொம்மைகள். சூளையில் வேகாத பொம்மை என்பது மூக்கும் முழியும் வைத்த களிமண், அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். தசாவதாரம், செட்டியார் ஜோடி, கல்யாண செட் எல்லாம் ஒரே நாளில் பிறந்த இடத்துக்கே திரும்பிவிட்டன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளும் ஊறி உப்பிப் போயின.

நல்லவேளை, இன்ஷூரன்ஸ் இருந்தது. (கம்பெனி பெயர் வேண்டாம். எனக்கும் அவர்களிடம் ஒரு பாலிசி இருக்கிறது.) சர்வேயர் வந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டார்.

"இது என்ன சரக்கு?"

"களிமண்ணு சார். பொம்மை."

"புயலுக்கு முன்னாடி?"

"களிமண்ணுதான் சார். பொம்மையா இருந்துச்சு."

"இப்போ?"

"களிமண்ணாத்தான் இருக்கு."

"அப்ப நஷ்டம் எங்கே?"

மாமா கேட்டது 2,40,000 ரூபாய். கம்பெனி தருவதாகச் சொன்னது 18,000. அது பறந்துபோன தகரத்துக்கு. பொம்மைகளின் பேரில் ஒரு அனுதாபம்கூட இல்லை.

அப்போது நான் பி.காம். கடைசி வருஷம். குடும்பத்தில் இங்கிலீஷ் கடிதம் படிக்கத் தெரிந்தவன் என்ற தகுதியில் மாமாவுக்கு நான்தான் சட்ட ஆலோசகர். இரண்டு பேருமாகக் கடலூர் நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து கடலூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம் என்பது அந்தச் சட்டத்தில் மாமாவுக்கு மிகவும் பிடித்த பகுதி.

கம்பெனியின் பதில் மனு தடிமனாக வந்தது. முதல் பக்கத்தைப் புரட்டினேன். புயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொம்மையைப் பற்றியும் இல்லை. 'பாலிசி வழங்கப்பட்டது சென்னை அலுவலகத்தில். ஆகவே கடலூர் மன்றத்துக்கு இந்தப் புகாரை விசாரிக்க அதிகாரமே கிடையாது' என்று இருந்தது.

மாமா வாய்விட்டே கேட்டார்: "ஏன் மாப்ளே, புயலடிச்சது விருத்தாசலத்துல, பொம்மை கரைஞ்சதும் விருத்தாசலத்துல. நான் மெட்ராசுக்குப் போயி எதைக் காட்டறது?"

பிற்பாடு சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். மாமா சொன்னதைத்தான் அதில் இன்னும் கஷ்டமான வார்த்தைகளில் சொல்லியிருந்தார்கள். வழக்குக்கான காரணம் எங்கே முளைத்ததோ அந்த ஊர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடலூர் மன்றமும் அப்படியே சொல்லி, கம்பெனியின் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்கே எட்டு மாதம் ஆகியிருந்தது.

'பணம் தர முடியாது' என்று சண்டை போடுவதற்கு முன்னால் 'இந்த ஊரில் சண்டை போட முடியாது' என்று ஏன் சண்டை போடுகிறார்கள்? இது நம்மூர்க் கம்பெனியின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அமெரிக்காவில் இதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

அங்கே கோர்ட்டுகள் இரண்டு தனி வரிசை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தக் கோர்ட்டுகள். அதற்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டுகள். பாலிசிக்காரர் ஒரு மாநிலம், கம்பெனி வேறு மாநிலம், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசிக்காரர் தன் மாநிலக் கோர்ட்டில் கேஸ் போட்டால், 30 நாளைக்குள் கம்பெனி அந்தக் கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். முன்கூட்டி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு நோட்டீஸ் தாக்கல் செய்தால் கேஸ் இடம் மாறிவிடும். பாலிசிக்காரர்தான் பின்னாலேயே ஓடிப்போய், 'திருப்பி அனுப்புங்கள்' என்று கெஞ்ச வேண்டும்.

காரணமும் இல்லாமல் இல்லை. உள்ளூர் ஜூரி உள்ளூர் ஆளுக்குச் சாதகமாக இருப்பார்களோ, வெளியூர்க் கம்பெனிக்கு நியாயம் கிடைக்காதோ என்ற பழைய பயம். பல மாநிலங்களில் நீதிபதிகளே ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வருகிறார்கள். ஓட்டு, கம்பெனிக்கு இல்லை.

அங்கே பாலிசிக்காரர்களின் வக்கீல்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கம்பெனியோடு உள்ளூர் ஏஜென்டையும் சேர்த்து கேஸ் போட்டுவிடுவார்கள். ஏஜென்ட் அதே மாநிலத்துக்காரர், ஆகவே இது உள்ளூர் சண்டை, ஃபெடரல் கோர்ட்டுக்கு இங்கே வேலையில்லை என்று கணக்கு. டெக்சாஸ் மாநிலம் 2017-ல் இதற்கு ஒரு மாற்று மருந்து கொண்டுவந்தது. புயல், ஆலங்கட்டி மாதிரியான நஷ்ட வழக்குகளில் 'ஏஜென்ட் செய்த தப்புக்கும் நானே பொறுப்பு' என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டால் ஏஜென்ட்டை கேஸிலிருந்து விலக்கிவிட வேண்டும். கம்பெனிக்கு ஏஜென்ட் மேல் திடீர்ப் பாசம் வருவதற்கு அந்த ஊரில் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒருவர் வீட்டுக் கூரையை ஆலங்கட்டி மழை பதம் பார்த்தது. ஸ்டாண்டர்ட் ஃபயர் இன்ஷூரன்ஸ் கம்பெனி கான்ட்ராக்டர் கட்டணத்தைச் சேர்க்காமல் குறைத்துக் கொடுத்துவிட்டது என்று, தன்னைப் போன்ற மற்ற பாலிசிக்காரர்களுக்கும் சேர்த்து மாநிலக் கோர்ட்டில் கேஸ் போட்டார். இந்த மாதிரிக் கூட்டு வழக்கில் தொகை 50 லட்சம் டாலரைத் தாண்டினால் கம்பெனி ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று 2005-ம் வருஷத்துச் சட்டம். ஆகவே மனிதர் கேஸ் போடும்போதே 'எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து 50 லட்சத்துக்குக் கீழேதான் கேட்போம்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். உள்ளூர்க் கோர்ட்டிலேயே இருந்தால் போதும், பணம் குறைந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், கோர்ட்டின் இடத்துக்கு என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2013 மார்ச்சில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், 'உன் பங்கைப் பற்றி நீ எழுதிக் கொடுக்கலாம், மற்றவர்கள் பங்கைப் பற்றி எழுதிக் கொடுக்க நீ யார்?' என்கிற தோரணையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உறுதிமொழி செல்லவில்லை.

நம் நாட்டில் இப்படி இரண்டு தனி வரிசை கிடையாது. ஒரே ஏணிதான். மாவட்டம், மாநிலம், அப்புறம் டெல்லி. ஆனால் ஏணியில் எந்தப் படியில் நிற்பது, எந்தச் சுவரில் சாத்துவது என்ற சண்டை இங்கேயும் உண்டு.

அம்பாலாவில் ஒரு வியாபாரியின் கிடங்கு தீப்பிடித்தது. நேஷனல் இன்ஷூரன்ஸ் பாலிசி, எடுத்ததும் அம்பாலாவில்தான். அவர் 2000-ல் பக்கத்து ஊரான சண்டிகரில், 'கம்பெனிக்கு இங்கே கிளை இருக்கிறதே' என்று நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டார். அங்கே ஜெயித்தார். டெல்லியில் தேசிய ஆணையம் ரத்து செய்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் வியாபாரி பக்கம் வரவில்லை. கிளை இருக்கிற ஊரிலெல்லாம் கேஸ் போடலாம் என்றால், அம்பாலாவில் தீப்பிடித்ததற்குத் தமிழ்நாட்டிலோ கௌஹாத்தியிலோ போய்க்கூடக் கேஸ் போடலாம் என்று ஆகிவிடும், அது அபத்தம் என்று சொன்னார்கள். எங்கோ பிடித்த தீயில் நம் மாநிலத்தின் பெயர் அடிபட்டது இப்படித்தான். கோர்ட் சொன்ன தர்க்கம் சரிதான். ஆனால் ஒன்பது வருஷம் கழித்து, 'நீங்கள் நின்றது தப்பான க்யூ' என்று ஒரு மனிதரிடம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடையிலேயே அதைத் தாங்க முடியாது.

மாமா நின்றது சரியான க்யூதான். 2014-ல் கடலூரில் ஜெயித்தார். 1,60,000 ரூபாயும் வட்டியும் தர உத்தரவு. மாமி வடலூர் வள்ளலாருக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்தால் வீட்டில் தபால். கம்பெனி சென்னையில் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போயிருந்தது. முதல் பக்கத்தில் கேட்டது கடைசியில் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. கேஸ் சென்னைக்குப் போய்விட்டது.

சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் ராத்திரி கிளம்ப வேண்டும். விடிகாலையில் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தில் பல் தேய்த்து, சட்டை மாற்றி, கையில் ஒரு மஞ்சள் பையோடு போய் உட்கார வேண்டும். மஞ்சள் பையில் சாட்சி இருந்தது. மூக்கு கரைந்துபோன ஒரு செட்டியார் பொம்மை. 'நஷ்டம் எங்கே?' என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக மாமா பத்திரமாகக் கொண்டுபோவார். ஆறு தடவை போனார். நாலு தடவை வாய்தா. ஒரு தடவைகூட செட்டியாருக்குப் பையை விட்டு வெளியே வர வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நான் வரவு செலவு எழுதிப் படித்தவன். மாமாவின் சென்னைப் பயணங்களுக்கும் ஒரு பேரேடு போட்டேன். பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ், தபால் எல்லாம் எழுதினேன். கூட்டினால் அப்படியொன்றும் பெரிய தொகை வரவில்லை. ஆனால் மாமா இல்லாத நாளில் அச்சில் வார்க்க ஆள் இல்லை, சூளை பற்றவைக்க ஆள் இல்லை, ஆர்டர் எடுக்க ஆள் இல்லை. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கம்பெனியின் கணக்கில் இப்படி ஒரு பத்தியே இல்லை. அவர்களுக்கு அங்கே ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் அந்த வழியாகத்தான் தினமும் ஆபீஸ் போகிறார்.

ஆறாவது தடவை, 2016-ல், அந்த வக்கீல் வராந்தாவில் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையானவர். "ஐயா, இங்கே நீங்க ஜெயிச்சாலும் கம்பெனி டெல்லிக்குப் போகும். உங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல்? 1,25,000-க்கு முடிச்சுக்கலாமே?" என்றார்.

டெல்லி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் கோபித்துக்கொண்டேன். "வட்டியோட சேர்த்தா ரெண்டு லட்சத்துக்கு மேல வரும் மாமா. ஏன் விட்டுட்டீங்க?"

"இன்னும் ரெண்டு வாய்தா போனா நான் பொம்மை செய்யறதையே மறந்துடுவேன்டா மாப்ளே" என்றார்.

இதில் கம்பெனி சட்டத்தை மீறவில்லை என்பதுதான் விசேஷம். அப்பீல் போவது அவர்கள் உரிமை. சட்டப்படியே நடந்து, கிலோமீட்டர் கணக்கிலேயே எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே வேலை செய்கிறாரோ, அந்த ஊர் ஆணையத்திலேயே கேஸ் போடலாம். பாலிசி எங்கே அச்சடித்தது, கிளை எங்கே என்ற கேள்வியே வேண்டாம். கட்டிய பிரீமியம் ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வீடியோவில் ஆஜராகவும் வழி வைத்திருக்கிறார்கள்.

அப்பீலுக்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். மாமா காலத்தில் கம்பெனி மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக, உத்தரவான தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். இப்போது பாதித் தொகையைக் கட்டியாக வேண்டும். மாவட்டத்தில் ஆரம்பித்த கேஸ் மாநிலத்தையும் தாண்டி டெல்லிக்கு இரண்டாவது அப்பீலாகப் போக வேண்டுமென்றால், அதில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும். வராந்தாவில் டெல்லி என்று சொல்லி பயமுறுத்துவது இனிமேல் அவ்வளவு சுலபமில்லை.

அதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்தப் படியில் ஏறுவது என்பது இப்போது கேட்கிற தொகையைப் பொறுத்ததல்ல, கட்டிய தொகையைப் பொறுத்தது. இன்ஷூரன்ஸில் கட்டியது என்றால் பிரீமியம். பியாரிதேவி சபிராஜ் ஸ்டீல்ஸ் என்ற கம்பெனி 28 கோடி ரூபாய் விவகாரத்தோடு டெல்லி தேசிய ஆணையத்தின் கதவைத் தட்டியது. கட்டிய பிரீமியம் நாலரை லட்சத்துக்கும் கீழே. '28 கோடி இருக்கட்டும், நீங்கள் கொடுத்தது இவ்வளவுதான், ஆகவே கேஸ் இங்கே வராது' என்று 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகளின்படி 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் டெல்லி. இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. 50 லட்சத்துக்கு மேல் பிரீமியம் கட்டுகிறவர் நம் தெருவில் யாரும் இல்லை. ஆகவே நம்முடைய இன்ஷூரன்ஸ் புகார் எல்லாம் இனி கடலூரில்தான். பெரிய கம்பெனிகளுக்கு வருத்தமாக இருக்கலாம். பஸ்ஸில் போகிறவனுக்கு இது நல்ல செய்தி.

ரோட்டு விபத்து நஷ்ட ஈட்டிலும் இதே கிலோமீட்டர் கதைதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தபோது விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட முடியும். ஒரு டிரைவர் குஜராத்தில் லாரி மோதி இறந்துபோனால், அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குஜராத் போக வேண்டும். 1994 நவம்பர் முதல் அதை மாற்றினார்கள். விபத்து எங்கே நடந்திருந்தாலும் குடும்பம் குடியிருக்கிற இடத்திலேயே மனுப் போடலாம்.

2023-ல் இப்படி ஒரு கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. விபத்து நடந்தது மேற்கு வங்கம் சிலிகுரியில். பாதிக்கப்பட்டவர்கள் மனுப் போட்டது உத்தரப்பிரதேசத்தில், தங்கள் ஊர்ப்பக்கம். வண்டிக்காரர், 'சாட்சிகள் எல்லாம் சிலிகுரி, பாஷை பிரச்னை வரும், கேஸை டார்ஜிலிங்குக்கு மாற்றுங்கள்' என்றார். நீதிபதி தீபாங்கர் தத்தா மறுத்துவிட்டார். எங்கே மனுப் போடுவது என்பது பாதிக்கப்பட்டவரின் விருப்பம் என்றார். பேஷ் என்று கைதட்டப் போனேன். அடுத்த வரியில், இந்தி தேசிய மொழியாக இருப்பதால் சாட்சிகள் இந்தியில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். அரசியல் சட்டத்தில் இந்தியை மத்திய அரசின் ஆட்சிமொழி என்றுதான் சொல்லியிருக்கிறது. தேசிய மொழி என்று எங்கேயும் இல்லை. முடிவு சரி, வழியில் ஒரு முள். இருந்தாலும் அந்த முடிவு நமக்கும் பொருந்தும். நாளைக்குச் சிலிகுரியில் நம்ம ஊர்ப் பையனுக்கு ஏதாவது ஆனால், குடும்பம் நம் பக்கத்துத் தீர்ப்பாயத்தில் தமிழில் அழலாம்.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டறை இப்போதும் நடக்கிறது, இரண்டே ஆட்களோடு. புதுச் சட்டத்தையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், பாதிப் பணம் கட்டணும், டெல்லிக்கு லேசில் போக முடியாது என்றெல்லாம். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல சட்டம்தான். அடுத்த புயலுக்கு உதவும்" என்றார்.

அலமாரியில் செட்டியார் பொம்மை உட்கார்ந்திருந்தது. மூக்கு இல்லை, ஒரு காது இல்லை. தொப்பை மட்டும் அப்படியே இருந்தது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கட்டும்டா. நம்ம குடும்பத்துல மெட்ராசுக்கு ஆறு தடவை போயி, ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்தது நானும் இவரும்தான்."